கிண்ணத்துணிக் கறை

உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு திருவிருந்துக்கு வரும் பெண்களைக் கடவுள் மன்னித்துவிடுவார். வின்னி ஹோப்கிர்க் மன்னிக்க மாட்டாள். பரிசுத்த பர்னபா ஆலயத்தின் பீடப்பணிக் குழுவுக்கு அவள்தான் தலைவி. 'பந்திக்கு வருமுன் உதட்டை ஒற்றிக்கொள்ளவும்' என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனைத் தாளில் ஒரு வரி போடச் சொல்லி, வந்த குருமார் அத்தனை பேரிடமும் மல்லுக்கு நின்றவள். எங்கள் சபையில் எல்லாரும் ஒரே வெள்ளிக் கிண்ணத்தில்தான் குடிக்கிறோம். ஒருவர் குடித்ததும் விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். துடைக்கிற வெள்ளைத் துணியில் ஒயின் படியும், சாயமும் படியும். திங்கட்கிழமை காலையில் அதை அலசி, கறை போக்கி, இஸ்திரி போட்டு மடிப்பது ரோவீனா ட்விலியின் முறை.

அலசுவதற்கு ஒரு சட்டம் உண்டு. துணியில் ஊறியிருப்பது வெறும் ஒயின் அல்ல, ஆசீர்வதித்த ஒயின். ஆகவே முதல் அலசல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது. மண்ணுக்குத்தான் போக வேண்டும். அதற்கென்றே பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில், குழாய் நேராக மண்ணுக்குள் இறங்குகிற ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. அலசாத துணி அந்த அறையைத் தாண்டி வெளியே போவது பெரிய குற்றம். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருத்தி தெரியாமல் வீட்டு வாஷிங் மெஷினில் போட்டுவிட, வின்னி அவளோடு ஈஸ்டர் வரைக்கும் பேசவில்லை.

அப்படிப்பட்ட ஊரில் ரோவீனா அலசாத துணிகளைத் திருடி வீட்டில் ஒளித்து வைத்திருந்தாள். கடைத்தெருத் திருட்டு என்றால்கூட அவளுக்கு இத்தனை படபடப்பு இருந்திருக்காது.

முதல் துணி கிறிஸ்மஸுக்கு அடுத்த திங்களன்று வந்தது. கூடையிலிருந்து எடுத்து விரித்தபோது நடுவில் ஒரு கீழுதட்டின் தடம். காய்ந்த பிளம் பழத்தோல் நிறம், அதன் மேல் செங்கல் சிவப்பு. ரோவீனா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அது கடையில் கிடைக்கிற நிறம் அல்ல. இரண்டு சாயக் குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசினால்தான் வரும். அப்படிப் பூசுகிறவள் ஒரே ஒருத்தி, அவளுடைய மகள் மெரடித். அந்த மெரடித் அக்டோபரிலேயே செத்துப்போயிருந்தாள்.

"என்னடி இது, பொணத்துக்குப் பூசின மாதிரி!" என்று ரோவீனா அந்த நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். மெரடித் உதட்டைக் குவித்து அம்மாவின் கன்னத்தில் ஒரு தடம் வைத்துவிட்டு ஓடுவாள். கடைசியில் சவ அடக்கம் நடத்துகிறவர், "அவங்க வழக்கமா போடுற லிப்ஸ்டிக் இருந்தா குடுங்க" என்று கேட்டபோது, ரோவீனா வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினாள். கிடைக்கவில்லை. மகள் யாரோ போட்ட வெளிர் ரோஸ் நிறத்தோடு தகனத்துக்குப் போனாள்.

மெரடித் செத்தது கார் விபத்தில், ஆனால் வண்டியை ஓட்டியது அவள் இல்லை. நர்சிங் படிக்கும்போது கிடைத்த சிநேகிதி டார்சி. சோளக்காட்டுச் சாலையில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. டார்சி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வண்டி மரத்தில் மோதியது. ரோவீனா இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். இந்தப் பக்கத்தில் இலையுதிர்காலம் என்றால் மான், மான் என்றால் பிரேக், திருப்பவே கூடாது. பேருந்தில் ஏறுகிற பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். "அந்தப் பொண்ணு அடக்கத்துக்கு வரக் கூடாது" என்று குருவானவரிடம் சொல்லிவிட்டாள். டார்சி வரவில்லை.

நவம்பரில், இறந்தோர் நினைவு வாரத்தில், சூப்போடு நடக்கும் புதன் மாலை வகுப்பில், எங்கள் பெண் குருவானவர் மதர் பிரிஸில்லா பலகையில் அரைவட்டம் ஒன்று வரைந்தார். எங்கள் ஆலயத்தில் மண்டியிடுகிற கம்பித்தடுப்பு அந்த வடிவத்தில்தான் இருக்கும். இரண்டு முனையும் சுவரில் போய் முட்டும்.

"மீதி அரைவட்டம் எங்கன்னு பழைய ஆளுங்க கேப்பாங்க" என்றார் மதர். "சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு. நமக்கு முன்னால போனவங்க அங்க மண்டி போட்டிருக்காங்க. பந்தி ஒண்ணுதான்."

எல்லாரும் சூப்பைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார்கள். ரோவீனாவின் கரண்டி மட்டும் கிண்ணத்திலேயே நின்றது. கிறிஸ்மஸுக்குப் பிறகு கறையைப் பார்த்தபோது அந்த அரைவட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் பைத்தியம் பிடித்தவள் இல்லை. பனியில் பேருந்து ஓட்டுகிறவளுக்கு நிதானம் உண்டு. ஆனாலும் அந்தத் துணியைத் தண்ணீரில் போட அவளால் முடியவில்லை. முகர்ந்து பார்த்தாள். ஒயின் வாசனைக்கு அடியில் அந்த மெழுகு வாசனை இருந்தது. கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அப்புறம் பல வாரம் ஒன்றும் இல்லை. சாம்பல் புதன் கழிந்து, ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கியதும் ஒவ்வொரு வாரமும் வர ஆரம்பித்தது. ரோவீனா திங்கட்கிழமைகளுக்காகவே உயிர் வாழ்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு ஆலயத்துக்கு வந்துவிடுவாள். வலது ஓரத்தில் மெரடித் மண்டியிடும் மெத்தை அமுங்கிக் கிடக்கும். பக்கத்து மெத்தைகள் எல்லாம் உப்பியிருக்க, அது மட்டும் யாரோ இப்போதுதான் முழங்காலை எடுத்தது மாதிரி இருக்கும். அறையில் துணியை விரிக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்று உடம்பு சொல்லும். ரோவீனா திரும்ப மாட்டாள். திரும்பி, அங்கே யாரும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் ரோவீனா வருவது பாட்டுக்குழுவோடு பத்தரை மணி ஆராதனைக்கு. காலை எட்டு மணிக்கு இன்னொரு ஆராதனை உண்டு. பாட்டு கிடையாது, பழைய வார்த்தைகள், அங்கொருவரும் இங்கொருவருமாக ஒரு சிலர். எட்டு மணிக்காரர்கள் வருவார்கள், மண்டியிடுவார்கள், காப்பிக்குக்கூட நிற்காமல் போய்விடுவார்கள். பக்கத்து இருக்கைக்காரர் பெயரைத் தெரிந்துகொள்வதுகூட அவர்களுக்கு அநாகரிகம். இரண்டு ஆராதனையின் துணிகளும் ஒரே கூடையில்தான் விழும். அதையெல்லாம் ரோவீனா யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

இப்படி இருக்கும்போது வின்னி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். லெந்து சனிக்கிழமைப் பயிலரங்கு இந்த வருஷம் எங்கள் ஆலயத்தில். சுற்றுவட்டாரச் சபைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காலையில் மதர் பிரிஸில்லா கிண்ணம் பரிமாறப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு வின்னியின் கறை வகுப்பு.

"எல்லாத் துணியும் வெளிய வரணும், ரோவீனா. நம்ம அலமாரிய ஊரே பாக்கப்போகுது. ஒண்ணு ரெண்டு குறையுற மாதிரி இருக்கே?"

"கிழிஞ்சத எடுத்து வெச்சிருக்கேன். தெச்சிக் கொண்டாரேன்."

"நீ ஊசி பிடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? எப்பலேர்ந்து இந்தத் திறமை?"

ரோவீனா சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து அலமாரி இழுப்பறையைத் திறந்து துணிகளை எண்ணினாள். துணிகளைத் திருப்பிக் கொடுத்தால் அலசியாக வேண்டும். அலசினால் மெரடித் இரண்டாம் முறை போய்விடுவாள். கொடுக்காமல் பிடிபட்டால் அறைச் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். அப்போது மெரடித் வந்தாலும் வந்தது இவளுக்குத் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் மகள் கைநழுவிப் போகிறாள். கடைசியில் லெந்து நாட்களின் துணிகளைக் கைப்பையில் போட்டாள். கிறிஸ்மஸ் துணியை மட்டும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அதைக் கொடுக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

சனிக்கிழமை மதியம் சபை மண்டபத்தில் முட்டை சாண்ட்விச்சும் எலுமிச்சைக் கேக்கும் தீர்ந்தபின், வின்னி கையைத் தட்டினாள்.

"தாய்மாரே, தகப்பன்மாரே! சாத்தானோட ஆயுதம் என்னன்னு கேட்டா நீங்க பாவம்னு சொல்வீங்க. நான் லிப்ஸ்டிக்னு சொல்வேன். யாராவது பூசியிருக்கீங்களா? கூச்சப்படாம வாங்க. இது ஆசீர்வதிக்காத ஒயின்தான். ஒரு வாய் குடிங்க, கறைய எப்படி எடுக்கிறதுன்னு காட்டுறேன். ரோவீனா, நீ கிண்ணத்தப் புடி."

ஒருவரும் அசையவில்லை. வின்னி இருக்கிற அறையில் யார் பூசிக்கொண்டு வருவார்கள்? பின்வரிசையில் கிண்ணம் பரிமாறப் பயில வந்தவர்கள் பக்கத்திலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண், கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். பாதி தூரம் வருவதற்குள் ரோவீனாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை அவள் தன் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறாள்.

"உம் பேரென்னம்மா?" என்றாள் வின்னி. டார்சி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மெதடிஸ்ட் சபைக் குடும்பத்துப் பெண். வின்னிக்கு முகம் தெரியாது.

"டார்சி."

வின்னியின் முகம் மாறியது. பெயர் அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ரோவீனாவைப் பார்த்தாள். "கிண்ணத்த நான் வாங்கிக்கவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்" என்றாள் ரோவீனா. அவள் கண் அந்த உதட்டின் மேலேயே இருந்தது. பிளம் பழத்தோல் நிறம், மேலே செங்கல் சிவப்பு.

கிண்ணத்தை நீட்டினாள். டார்சி குனிந்து ஒரு வாய் குடித்தாள். அவள் பல் விளிம்பில் பட்டுக் கடகடவென்று சத்தம் கேட்டது. ரோவீனா துணியால் துடைத்தாள், விரித்துப் பார்த்தாள். இத்தனை வாரமும் மடியில் வைத்துக் கொஞ்சிய தடம் அதேதான். அவளுக்கு அந்தப் பெண்ணை அறைய வேண்டும் போலிருந்தது. மகள் இப்போது இன்னொருமுறை, முழுசாகச் செத்துவிட்டாள் என்று தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியதால் எதுவும் செய்யாமல் நின்றாள்.

"உள்ள வா" என்று டார்சியிடம் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் பின்னறைக்கு நடந்தாள். வழியில் மதர் பிரிஸில்லா எழுந்து நின்றார்.

"இவ இங்க வர்றது உங்களுக்குத் தெரியும்" என்றாள் ரோவீனா.

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"அவ அடக்கத்துக்கு வரக் கூடாதுன்னு மட்டுந்தான் சொன்ன, ரோவீனா. பந்திக்கு வரக் கூடாதுன்னு சொல்ல உனக்கும் எனக்கும் யார் அதிகாரம் குடுத்தா?"

பின்னறையில் டார்சி கதவை ஒட்டியே நின்றாள். ரோவீனா கைப்பையைக் கவிழ்த்தாள். மடித்த துணிகள் மேசையில் விழுந்தன. டார்சி ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். உடனே கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் அலசலையா மிஸ் ரோவீனா?"

"என் பொண்ணு வர்றான்னு நெனச்சேன்."

டார்சி அழவில்லை. அழுது தீர்ந்தவளின் முகம் அது. "அவ மேக்கப் பை என் வண்டியில இருந்துச்சு. நொறுங்குன வண்டிய யார்டுல போட்டு வெச்சிருந்தாங்க. இன்ஷூரன்ஸ் தகராறு முடிஞ்சு பிப்ரவரியிலதான் உள்ள இருந்த சாமான எடுக்க விட்டாங்க. உங்களுக்கு அனுப்பத்தான் எடுத்தேன். தைரியம் வரல, இன்னிக்குத்தான் வந்துச்சு. அப்புறம் எட்டு மணி ஆராதனைக்கு வர ஆரம்பிச்சேன், நீங்க இருக்க மாட்டீங்கன்னு. அவ மண்டி போடுற எடத்துல போடுவேன். இதப் பூசிக்கிட்டுப் போனா அவளும் ஒரு வாய் குடிச்ச மாதிரின்னு... கிறுக்குத்தனந்தான்."

"பிரேக்க மிதிச்சிருக்கணும்."

"தெரியும். அவளே சொல்லிருக்கா, எங்கம்மா சொல்வாங்க திருப்பக் கூடாதுன்னு. தெரியும் மிஸ் ரோவீனா. கை கேக்கல."

அந்த வார்த்தையில் ரோவீனாவுக்கு ஏதோ அறுந்தது. போன வருஷம் ஒரு நரி குறுக்கே வந்தபோது, பேருந்து நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அவள் கையும் அரை அங்குலம் திரும்பியது. அதிர்ஷ்டம், அங்கே மரம் இல்லை. குழாயைத் திறந்து பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் பிடித்தாள். டார்சியின் கையில் மேசையிலிருந்த ஒரு துணியைக் கொடுத்தாள். "கசக்காத. ஊற விட்டு அலசு." இருவரும் ஒன்றன்பின் ஒன்றாக நனைத்தார்கள். தண்ணீர் வெளிர் சிவப்பாயிற்று.

எல்லாம் முடிந்தபோதுதான் ரோவீனாவின் கை நின்றது.

"பிப்ரவரியிலயா எடுத்தே?"

"ஆமா. சாம்பல் புதனுக்கு முந்தின வாரம்."

"கிறிஸ்மஸுக்கு இங்க வரலியா?"

"கிறிஸ்மஸுக்கு நான் ஆஸ்பத்திரியில காலுக்கு ரெண்டாவது ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருந்தேன். ஏன்?"

ரோவீனா ரவிக்கைக்குள்ளிருந்து கிறிஸ்மஸ் துணியை எடுத்து விரித்தாள். காய்ந்து மொடமொடத்திருந்தது. டார்சி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். கதவு சாத்தியிருந்தும் இருவர் பிடரியிலும் குளிர் ஏறியது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த சாயம் அப்ப யார்டுல பனிக்கு அடியில கெடந்துச்சு" என்றாள் டார்சி, தனக்கே சொல்வது மாதிரி.

இதை வைத்துக்கொள்ள ரோவீனாவுக்கு இப்போது முழு உரிமை வந்துவிட்டது. நிச்சயமாக இது மகளுடையது, வேறு யாருடையதும் இல்லை. அதை மார்போடு அழுத்திப் பிடித்தாள். எதிரே நின்றவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை, கை நீட்டவில்லை. அடக்கத்துக்கு வந்து மெரடித்துக்கு விடைகொடுக்க விடாமல் தடுக்கப்பட்டவள் அவள். ரோவீனா துணியை மெல்ல அவள் கையில் வைத்தாள்.

"இத நீ அலசு."

டார்சி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அலசினாள். பிளம் நிறம் ஒரு இழையாகத் தண்ணீரில் இறங்கிக் கரைந்தது.

தொட்டியில் ஊற்றவில்லை. பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நினைவுத் தோட்டத்துக்குப் போனார்கள். எங்கள் வழக்கப்படி அஸ்தியைக் கலசம் இல்லாமல் நேராக மண்ணில் கொட்டுவோம், கல்லும் கிடையாது. இடம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். "இங்க" என்றாள் ரோவீனா. மண்டப வாசலிலிருந்து வின்னி கத்தினாள்: "அதுக்குன்னு தொட்டி கட்டி வெச்சிருக்கே, கண்ணு தெரியலியா?" பிறகு பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மண் தண்ணீரை உடனே குடித்தது.

போகும்போது டார்சி மெரடித்தின் இரண்டு சாயக் குச்சிகளையும் ரோவீனாவிடம் கொடுத்தாள். ரோவீனா வீட்டில் சமையலறை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் வாழ்க்கையில் முதல்முறையாக எட்டு மணி ஆராதனைக்குப் போனாள். ஒருவரும் அவளை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அது எட்டு மணிக்காரர்களின் நல்ல குணம். மெரடித்தின் மெத்தையைக் காலியாக விட்டு அதற்கு இந்தப் பக்கம் ரோவீனா மண்டியிட்டாள், அந்தப் பக்கம் சுவரோரமாக டார்சி. டார்சியின் உதடு வெறுமையாக, வெடித்துப்போய் இருந்தது. ரோவீனா ஒருநாளும் பூசியதில்லை. கிண்ணத்தைக் கொண்டு வந்தது நேற்றுப் பயின்ற ஒரு வயதானவர். ரோவீனாவுக்குக் கொடுத்தார், துடைத்தார். நடுவிலிருந்த வெற்றிடத்தின் முன் நின்றார். புதிது, தடுமாறுகிறார் என்று நினைத்தாள். அவர் கிண்ணத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார், பிறகு மறுபடி துடைத்துவிட்டு டார்சியிடம் போனார்.

திங்கட்கிழமை காலை ரோவீனா பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து கூடையைத் திறந்தாள். மேலே இருந்த துணியை விரித்தாள். நடுவில் கீழுதட்டின் தடம், பிளம் நிறம், அதன் மேல் செங்கல் சிவப்பு.

முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்று உடம்பு சொன்னது. "வந்துட்டியா?" என்றாள், திரும்பாமல். "சரி. அடுத்த வாரமும் வா."

பிறகு குழாயைத் திறந்து துணியை நனைத்தாள்.